தனிப் பட்டா

எங்கள் மாடியில் கழிப்பறை ஒன்றுதான். ஆனால் அதன் கதவில் பூட்டு இரண்டு தொங்கும். அறையில் என்னோடு தொழில் நடத்தியவர் தாழ்ப்பாளில் ஒரு சங்கிலியைக் கோத்து, அதன் இரண்டு நுனிகளையும் பூட்டோடு பூட்டாக மாட்டி வைத்திருந்தார். ஒன்று என்னுடையது, மற்றது அவருடையது. எதைத் திறந்தாலும் கதவு திறக்கும்.

"ஒரே பூட்டு வாங்கி ஆளுக்கொரு சாவி வெச்சுக்கிட்டா ஆகாதாண்ணா?" என்று முதல் வாரத்திலேயே கேட்டேன்.

"ஆகுங்க. ஆனா பூட்டு ரிப்பேரானா யாரால ஆச்சுன்னு ஒரு பேச்சு வரும். இப்ப வராதுல்ல?"

பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, உரக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் எங்கள் இருவரின் தொழிலும் நடந்தது. நடுவில் இடுப்புயர பிளைவுட் தடுப்பு. இந்தப் பக்கம் நான், வெப்சைட் வடிவமைத்துக் கொடுப்பவள். அந்தப் பக்கம் அவர், அந்த வெப்சைட்டுகளுக்கு இடம் கொடுப்பவர். நான் வீட்டைக் கட்டினால் மனை அவருடையது. மும்பையில் எங்கோ ஓடும் ஒரு சர்வரை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, அதைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்குக் கொடுப்பார். கம்பைநல்லூர் அரிசி மண்டி, பென்னாகரத்து டிராவல்ஸ், ஒரு சர்ச், இரண்டு மெட்ரிக் பள்ளிகள், மாங்கூழ் ஆலை, தையல் வகுப்பு என்று எல்லாமே அந்த ஒரே சர்வருக்குள் குடியிருந்தன.

அப்படிப் பிரித்துக் கொடுக்க ஒரு கண்ட்ரோல் பேனல் வேண்டும். வாடிக்கையாளர் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் தன் பகுதிக்குள் நுழைந்து, மெயில் ஐடி உண்டாக்கவோ படம் மாற்றவோ உதவும் மென்பொருள் அது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்றினுடையது. அதற்கு லைசென்ஸ் கட்ட வேண்டும். ஒரு கணக்குக்குள்ளேயே பத்து வெப்சைட்டைச் செருகி வைக்க அதில் வசதி உண்டு. எங்கள் தொழிலில் பலரும் அப்படித்தான் செய்வார்கள். இவர் செய்ய மாட்டார். ஒரே முதலாளிக்கு இரண்டு கடை இருந்தால் கணக்கும் இரண்டுதான். ஏனென்று கேட்டால் அவரிடம் ஒரே ஒரு சொல் இருந்தது.

"தனிப் பட்டாங்க. எப்பவும் தனிப் பட்டாதான் நல்லது."

கணக்கு என்ற சொல்லே அவர் வாயில் வராது. பட்டா என்பார், பாஸ்வேர்டைச் சாவி என்பார். புதிதாக வருகிறவர்களிடம், "உங்க பேருக்குத் தனிப் பட்டா போட்டாச்சுங்க, இந்தாங்க சாவி" என்பார். கேட்பவர்களுக்கு ஹோஸ்டிங் என்ற இந்த இடம் கொடுக்கும் தொழில் புரிகிறதோ இல்லையோ, இது புரிந்துவிடும்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் வாயைக் கிளறினேன். அவர்கள் குடும்பத்து மேட்டுக்காடு கூட்டுப் பட்டாவில் இருந்ததாம். போர்வெல்லுக்குக் கரண்ட் கனெக்‌ஷன் வாங்க எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பங்காளி ஏதோ கல்யாணத்தில் முறைத்துக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டார். கையெழுத்து வரவே இல்லை. "எங்கப்பா பேரு பட்டாவுல எட்டாவதா இருந்துச்சுங்க. எட்டாவதாவே போய்ச் சேந்துட்டாரு" என்று சொல்லிவிட்டு மானிட்டரைத் துடைக்க ஆரம்பித்தார்.

சர்வர் முழுக்கத் திறக்கும் பெரிய சாவி அவரிடம் இருந்தது. நினைத்தால் யார் பகுதிக்குள்ளும் போகலாம், யார் மெயிலையும் படிக்கலாம். போக மாட்டார். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்து பாஸ்வேர்டு அடிக்கும்போது சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் பக்கம் திரும்பிக்கொள்வார். சில பெரியவர்கள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிப்பார்கள். அதுவரைக்கும் காலண்டர்தான். அதனால் அவருக்கு அன்றைய திதி, நட்சத்திரம், ராகுகாலம், சூலம் எல்லாம் அத்துப்படி. நல்ல நேரம் பார்க்க வேண்டுமென்றால் நான் காலண்டரைப் பார்ப்பதில்லை, அவரைத்தான் கேட்பேன்.

ஒரு ஸ்டூடியோக்காரர் தன் மனைவியோடு வந்தார். அவருக்குப் போட்டோ ஸ்டூடியோ, மனைவிக்குப் புதிதாக ஆரி வேலைப்பாட்டு வகுப்பு. கணவனின் கணக்கிலேயே மனைவியின் பக்கத்தையும் சேர்த்துவிடச் சொன்னார்.

"அவங்களுக்குத் தனியா போடலாங்களா?" என்று இவர் கேட்டார். கணவரைப் பார்த்து அல்ல, அந்த அம்மாவைப் பார்த்து.

"ஒரே வூடுதானே சார்!" என்று கணவர் சிரித்தார்.

"வூடு ஒண்ணுதாங்க. சாவி ரெண்டு இருந்தா தப்பில்லீங்களே."

கணவருக்கு முகம் மாறிவிட்டது. அந்த அம்மா மட்டும், "தனியாவே போடுங்கண்ணா" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அதன் பிறகு ஸ்டூடியோக்காரர் எங்கள் மாடிப்படி ஏறவே இல்லை. சந்தையில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வார். இவர் அதைச் சட்டை செய்யவில்லை.

எல்லாம் சரி, ஆனால் கூட இருப்பவர்களுக்கு இந்தப் பழக்கம் சில நேரம் எரிச்சலூட்டும். பெங்களூர் பழக்கம் எங்கள் பக்கமும் வந்து, டீக்கடையில் ஒரு டீயை இரண்டாகப் பிரித்து 'பை டூ' என்று வாங்குவோம். அவர் வாங்க மாட்டார். "அதுல யாருக்கு எதுவரைக்கும்னு கோடு போட்டிருக்குதுங்களா?" என்பார். நான் மதியம் புளிச்சோறு நீட்டினால் டப்பா மூடியில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்வார். மறுநாள் அதே அளவுக்குத் தன் வீட்டுச் சோற்றை என் மூடியில் வைத்துவிடுவார். எனக்குக் கோபம் வரும். ஒரு கரண்டி சோறு கூட அவரிடம் பாக்கியாக நிற்கக் கூடாதா? இந்த மனிதர் யாருக்கும் சொந்தமாகாமலே வாழ்ந்துவிட்டுப் போவார் போலிருக்கிறது என்று தோன்றும். ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். சிரித்தார், அவ்வளவுதான். மறுநாளும் மூடியில் சோறு வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேனல் நிறுவனத்திலிருந்து மெயில் வந்தது. காலையில் நான் படியேறி வரும்போதே அவர் மானிட்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்னாண்ணா?"

"லைசென்ஸ் திட்டத்த மாத்திட்டாங்க. இத்தன நாளா வூட்டுக்கு வாடக வாங்கினான். இனிமே உள்ள எத்தன தல இருக்குன்னு எண்ணி வாங்கப் போறானாம்."

நானும் படித்துப் பார்த்தேன். விஷயம் அதுதான். அதுவரை சர்வர் ஒன்றுக்கு ஒரே கட்டணம், அதற்குள் எத்தனை கணக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இனி கணக்கின் எண்ணிக்கைப்படி கட்டணம். அதிலும் படிப்படியாக வைத்திருந்தார்கள். ஒரு படியின் எல்லைக்கு மேல் ஒரே ஒரு கணக்கு கூடினாலும் அடுத்த படிக்கான தொகையைக் கட்ட வேண்டும். நிறுத்தி வைத்திருக்கும் கணக்குகளும் எண்ணிக்கையில் சேரும்.

"படுத்துக் கெடக்கறவனையும் எண்ணுவானாங்க" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

நான் செய்து கொடுத்த வெப்சைட்டுகளில் முக்கால்வாசி அவர் சர்வரில்தான் இருந்தன. அவர் கடையைச் சாத்தினால் என் வாடிக்கையாளர்களும் தெருவில் நிற்பார்கள். அடுத்த படிக்கு ஏறும் அளவுக்கு அவருக்குத் தொழில் இல்லை. கட்டணத்தை எல்லாருக்கும் ஏற்றினால் எங்கள் ஊர்க்காரர்கள் வெப்சைட்டே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் வழி கண்ணெதிரே இருந்தது.

"அண்ணா, சேத்து வெச்சுடலாம். அரிசி மண்டி, தையல் வகுப்பு, டிராவல்ஸ் எல்லாத்தையும் ஒரே கணக்குல போட்டுட்டா முடிஞ்சுபோச்சு. வெளியில பாக்கறவங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாதுண்ணா."

"தெரியாதுங்கறதுதாங்க பயமா இருக்குது."

"இதுல என்ன பயம்?"

"ஒருத்தன் சைட்டுல வைரஸ் ஏறுனா பக்கத்துல இருக்கறவனுக்கும் ஏறும். ஒருத்தன் சாவியக் கேட்டா ஊரு சாவியக் குடுக்கணும். குடுக்கலன்னா நானே எல்லாத்தையும் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். தனிப் பட்டான்னு சொல்லிக் குடுத்துட்டு, அவங்களுக்கே தெரியாம கூட்டுப் பட்டாவா மாத்தறதுங்களா?"

எனக்குப் பொறுமை போய்விட்டிருந்தது. பிழைப்பு போகும் நேரத்தில் இந்தப் பிடிவாதம் எதற்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். அவரோ இலவசமாகக் கிடைக்கும் வேறொரு பேனலை ஒரு புது சர்வரில் சோதனைக்குப் போட்டுப் பார்த்தார். புது சர்வரிலிருந்து போன மெயில்கள் எல்லாம் குப்பைப் பெட்டியில் விழுந்தன. பள்ளிக்கூடத்து மெயில் பெற்றோருக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அதையும் விட்டுவிட்டார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. உண்மையிலேயே வேண்டாதவர்களைக் கேட்டுக் கழிப்பது. எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். நான்தான் நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். 'உங்கள் கணக்கு தொடர வேண்டுமா என்பதை உடனே உறுதிசெய்யவும்.' அது வினையாகிவிட்டது. பேங்க் மோசடி என்று நினைத்துப் பாதிப் பேர் அவர் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். மாங்கூழ் ஆலை முதலாளி போன் செய்து, "சார், உங்க பேர்ல எவனோ ஃபிராடு பண்றான், உஷாரா இருங்க" என்று அவரையே எச்சரித்தார்.

"உங்க தமிழு வேண்டாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் வழக்கமான சொல்லிலேயே குரல் செய்தி பதிந்து, பிளாக் செய்தவர்களுக்கு என் போனிலிருந்தும் அனுப்பினார். "வணக்கங்க. உங்க தனிப் பட்டா இன்னும் தேவைப்படுதுங்களா, இல்ல ரத்து பண்ணிடலாங்களா? இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க."

இதற்குப் பதில்கள் வந்தன. கடையை மூடியவர்கள், தேர்தலுக்காகப் பக்கம் போட்டுத் தோற்றவர், கல்யாணப் பத்திரிகைக்காக ஆரம்பித்துக் குழந்தையே பிறந்துவிட்டவர் என்று பலரும் வேண்டாம் என்றார்கள். ஒரு மெட்ரிக் பள்ளி பெங்களூர் கம்பெனிக்கு மாறிக்கொண்டது. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் படியின் எல்லைக்கு மேல் ஒன்றே ஒன்று கூடுதலாக நின்றது. மாதம் முடியும் தறுவாய். யாரைக் கேட்டாலும் வேண்டும் என்றார்கள். அந்த ஒன்று குறையாவிட்டால் அடுத்த படி, அவரால் ஏற முடியாத படி.

மறுநாள் காலையில் ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். சித்தேரி மலைக்காரர். சாமையும் தேனும் விற்கும் அவருக்காக, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் என்னிடம் சொல்லி ஒரு வெப்சைட் போட்டிருந்தாள். எங்கள் நம்பரை அப்பாவின் போனில் 'பாப்பிரெட்டிப்பட்டி ஆபீஸ்' என்று பதிந்தும் கொடுத்திருந்தாள். மலையில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அவர் கீழே இறங்கி வந்த அன்றுதான் குரல் செய்தி அவர் காதில் விழுந்திருக்கிறது. பட்டா, ரத்து, ஆபீஸ். மனிதர் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய், இருந்த காகிதம் அத்தனையையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடித்துத் தாலுகா ஆபீசில் போய் நின்றிருக்கிறார். அங்கே ஒரு கிளார்க் குரல் செய்தியைக் கேட்டுவிட்டு, "இது உரக்கடை மாடியில இருக்கறவரு குரலாச்சே" என்று இங்கே அனுப்பியிருக்கிறார்.

"ரத்து பண்ணிடாதீங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அவர் கவரை மேசையில் கொட்டினார். ரசீதுகள், மஞ்சளேறிய பத்திரம், ஆதார் நகல், யாருடையதோ இறப்புச் சான்றிதழ். "எங்க ஐயன் காலத்துலருந்து பாடுபட்டு வர்ற நெலம் சார். நாங்க இன்னா தப்பு பண்ணோம்னே தெரியல."

இவர் எழுந்து நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. மேசையில் கிடந்த அந்தக் காகிதங்களை அவர் தொடவில்லை. நான்தான் மலைக்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, மானிட்டரைத் திருப்பி அவருடைய வெப்சைட்டைக் காட்டினேன். தேன் பாட்டில் படமும், அவருடைய போட்டோவும், போன் நம்பரும்.

"இதப் பத்தித்தாங்க கேட்டோம். உங்க நெலத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

மானிட்டரில் தன் போட்டோவை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதுதானா! இது எங்க பாப்பா பண்ணி வெச்சதுங்க. பெங்களூர்லருந்து ஒரு கடக்காரரு இதப் பாத்துட்டுதான் தேனு கேக்கறாரு. போனாப் போவுது. இத வேணா எடுத்துக்கங்க சார். நெலத்த மட்டும் உட்டுடுங்க."

ஒன்று குறைந்தது. எனக்கு மனம் குதித்தது. தடுப்புக்கு மேலாக அவரைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டினேன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்தது.

"அது உங்களுதுங்க. உங்க பேர்லயே இருக்கட்டும்" என்றார் அவர். "நான் சொன்ன சொல்லுதாங்க தப்பு. மன்னிச்சுக்குங்க."

காகிதங்களை மலைக்காரரே எடுத்துக் கவருக்குள் அடுக்கி முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரோடு கீழே இறங்கிப் போய், சாப்பிட வைத்து, சித்தேரி பஸ் கிளம்பும்வரை இருந்துவிட்டு வந்தார். வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன்.

"அவரே குடுத்தாரேண்ணா! மனசாரத்தானே குடுத்தாரு?"

"பயந்துக்கிட்டு வந்த மனுசனுங்க. அந்த நேரத்துல என்னா கேட்டாலும் குடுப்பாரு. அத வாங்கலாங்களா?"

கோபமாகத்தான் வீட்டுக்குப் போனேன். நாளைக்கு இந்த மனிதர் கடையை மூடப்போகிறார், நான் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் போன் செய்து விளக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே போனேன்.

மறுநாள் அவர் தடுப்பின் ஓரமாக வந்து நின்றார். எதையாவது கேட்டு வந்து நிற்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அதனால் நானும் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தேன்.

"உங்க பட்டாவுல ஓரமா ஒரு எடம் இருக்குதுங்களா?"

"யாருக்குண்ணா?"

"நமக்குத்தாங்க."

அந்த சர்வரில் அவர் முதன்முதலில் உண்டாக்கிய கணக்கு அவருடையதுதான். அவருடைய தொழிலின் பக்கம், அவருடைய மெயில், எல்லாம் அதில் இருந்தன. அதையும் ஒரு தலை என்றுதானே அந்த நிறுவனம் எண்ணும். அதைக் கலைத்துவிட்டு, அதே சர்வரில் இருந்த என் கணக்குக்குள் ஒரு மூலையில் வந்து ஒண்டிக்கொள்ளக் கேட்கிறார். டீயில்கூடப் பாதி வாங்காத மனிதர். முந்தின நாள் கோபம் எல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

"அதுக்குப் பதிலா நான் என்னுத எடுத்துடறேண்ணா. நான் உங்களுதுல வந்துக்கறேன்."

"நீங்க தனிப் பட்டா வாங்குனவங்க" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கையில் பெரிய சாவி இருந்தும் அவர் அதை எடுக்கவில்லை. நானே இடம் ஒதுக்கி, அவருடைய கோப்புகளை அதில் வைத்து, பாஸ்வேர்டைச் சொன்னேன். சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் எண்ணிக்கை சரியாக இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அவரவர் இடம் அவரவரிடம் இருந்தது.

பிறகு கல்யாணமாகி நான் சேலத்துக்கு வந்துவிட்டேன். தடுப்புக்கு நான் இருந்த பக்கத்தில் வேறு யாரும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். போன வருடம் ஒரு மதியம் போன் வந்தது. அவர்தான்.

"நம்ம வெப் பக்கத்துல போன் நம்பர் மாத்தணுங்க. இப்ப உள்ள வரலாங்களா? இல்ல உங்களுக்கு வேற எப்ப தோதுப்படும்?"

"அண்ணா, பாஸ்வேர்டுதான் உங்ககிட்ட இருக்குதே! எப்ப வேணும்னாலும் போய் மாத்திக்க வேண்டியதுதானே?"

"இருக்குதுங்க. ஆனா வூடு உங்களுதாச்சே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காட்டிக்கொள்ளாமல், "வாங்கண்ணா, உள்ள வாங்க" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டார்.

"மாத்திட்டேங்க. வெளிய வந்துட்டேன், கதவச் சாத்திக்கங்க."